பையைச் சோதித்தவர்களும் பிள்ளையை ஏந்தியவர்களும்

பிரசவத் தீட்டைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்தத் தீட்டைச் சுமந்த கைகளுக்கு அரசாங்கச் சம்பளப் பட்டியலில் ஏன் இடமில்லை என்பதை அதிகம் கேட்டதில்லை. இன்று அக்கேள்வியை அமெரிக்கத் தென்மாநிலங்களின் வரலாற்றை முன்வைத்துக் கேட்கிறேன். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்தே பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த உறவு பேறுகால அறைவரைக்கும் போகவேண்டும்.

1921 நவம்பரில் ஷெப்பர்ட்–டவ்னர் சட்டம் வந்தது. தாய்சேய் நலத்துக்கென்று அமெரிக்க மைய அரசு மாநிலங்களுக்குப் பணம் கொடுத்த முதல் சட்டம் அது. அந்தப் பணத்தில் ஊர் ஊராகப் போகும் செவிலியர்கள் நியமிக்கப்பட்டார்கள். கவுண்டி எனப்படும் உள்ளாட்சி அமைப்பின் சுகாதார அலுவலகமே அவர்களுடைய களம். தெற்கில் அந்தப் பணியிடங்களில் பெரும்பாலும் வெள்ளைப் பெண்களே அமர்ந்தார்கள். கறுப்பினத் தாய்மார்களின் பிள்ளைப்பேற்றைப் பார்த்தவர்களோ 'கிரானி' என்று அழைக்கப்பட்ட கறுப்பு மருத்துவச்சிகள். அடிமைக் காலத்திலிருந்து கைமாறி வந்த தொழில் அது.

மாதந்தோறும் அவர்கள் கூட்டத்துக்கு வரவேண்டும். செவிலி அவர்களுடைய பையைத் திறந்து பார்ப்பார். வெள்ளை ஏப்ரன், சோப்பு, பிள்ளையின் கண்ணில் விடும் சில்வர் நைட்ரேட் சொட்டு மருந்து, பிறப்புப் பதிவுப் படிவம் இவை இருக்கவேண்டும். வேர், மூலிகை இருக்கக்கூடாது. அந்தச் சொட்டு மருந்து எத்தனையோ பிள்ளைகளின் பார்வையைக் காப்பாற்றியது. அதை மறுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பையைச் சோதித்தவருக்கு மாதச் சம்பளம். இரவெல்லாம் விழித்திருந்து, பிறப்பைப் பதிந்து, தாய்மாரைச் சுகாதார முகாமுக்குக் கூட்டிவந்தவருக்குக் கவுண்டி சம்பளம் தரவில்லை. அந்த வீட்டார் கொடுத்ததுதான் கூலி. சில நேரம் ஒரு கோழி. 1929இல் அந்தச் சட்டம் காலாவதியாகி, மைய அரசின் பணமும் நின்றது. மருத்துவச்சிகளின் வேலை நிற்கவில்லை.

சம்பளப் பட்டியலில் ஏறிய கறுப்புப் பெண்ணின் கதையும் உண்டு. மாட் காலன், பயிற்சி பெற்ற செவிலி. தென் கரோலினாவின் பெர்க்லி கவுண்டிக்கு 1923இல் தேவாலய ஊழியராக வந்து, 1936இல் அங்கே பொதுச் சுகாதாரச் செவிலியானார். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்களிடையே வாழ்ந்தவர் என்பதால் அவர் வகுப்பில் அவமானம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். 1951 டிசம்பரில் 'லைஃப்' இதழ் யூஜின் ஸ்மித் எடுத்த அவருடைய படங்களை வெளியிட்டது. படம் பார்த்த வாசகர்கள் ஆயிரக்கணக்கான டாலர் அனுப்பினார்கள். 1953இல் அவருக்கென ஒரு மருத்துவமனைக் கட்டடம் எழுந்தது. அரசாங்கம் கட்டியிருக்கவேண்டிய கட்டடம் அது.

அலபாமாவின் கிரீன் கவுண்டியில் மார்கரெட் சார்ல்ஸ் ஸ்மித் 1949இல் அனுமதிச் சீட்டு பெற்றார். ஆயிரக்கணக்கான பிரசவங்களைப் பார்த்தவர் அவர். வெள்ளையர் மருத்துவமனைகள் கறுப்புத் தாய்மாரை ஒதுக்கியவரை இப்படிப்பட்ட மருத்துவச்சிகள் தேவைப்பட்டார்கள். 1960களின் நடுவில் சிவில் உரிமைச் சட்டமும் மெடிகேரும் அந்தக் கதவுகளைத் திறந்தன. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து, 1976இல், அலபாமா அந்தத் தொழிலுக்கே சட்டத்தில் இடமில்லாமல் செய்தது. அவர்களைச் சுகாதாரத் துறைக்குள் பணியாளர்களாகச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். அப்படி ஒரு பணியிடத்தை உருவாக்க யாருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் வேண்டாமென்று விட்டார்கள்.

2023இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிறப்புக்குக் கறுப்புத் தாய்மார் 50.3 பேர் இறந்தார்கள்; வெள்ளைத் தாய்மார் 14.5 பேர். இந்த இடைவெளியைக் குறைக்கக் கவுண்டிகள் இப்போது கறுப்பினச் சமூகத்திலிருந்தே பேறுகாலத் துணைவியரையும் சமூகச் சுகாதாரப் பணியாளர்களையும் தேடுகின்றன. அவற்றில் பல, மானியம் இருக்கும்வரை மட்டுமே நீடிக்கும் வேலைகள்.