முண்டியம்பாக்கத்தில் போகிமான் கிடையாது

2017 மே மாதம். அக்கா மகன் லீவுக்கு சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு வந்திருந்தான். வந்த மறுநாள் காலையிலேயே செல்போனைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம் வரைக்கும் போய்விட்டு, வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தான்.

"மாமா, உங்க ஊர்ல ஒண்ணுமே இல்ல மாமா. ஒரு ஸ்டாப் கூட இல்ல. விழுப்புரம் போனாதான் உண்டு போல."

அவன் சொன்னது போகிமான் கோ விளையாட்டைப் பற்றி. திரையைக் காட்டினான். வெறும் பச்சை வெளி, நடுவில் ஜி.எஸ்.டி. சாலை ஒரு பட்டையாக. அவ்வளவுதான். சர்க்கரை ஆலைக்கு அடையாளமில்லை, கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்கு இல்லை, 2010ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரிக்கும் இல்லை. சென்னையில் அவன் வீட்டுத் தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு ஸ்டாப் உண்டு. பல்லவர் காலத்துச் சிற்பங்கள் ஏரிக்கரைக்கு ஏரிக்கரை கிடக்கும் இந்தப் பகுதிக்கு ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டான். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிறகு நிதானமாகத் தோண்டிப் பார்த்தேன்.

இடத்தை வைத்து ஆடுவது நமக்கொன்றும் புதிதில்லை. 'கல்லா மண்ணா' ஆடியவர்களுக்குத் தெரியும். திண்ணை, படி, கருங்கல் எல்லாம் கல், தெரு மண். பிடிப்பவன் எதைக் கேட்கிறானோ அதில் கால் வைத்தால் அவுட். தெருவேதான் ஆட்டப் பலகை. அந்தத் தெருவில் எது கல், எது மண் என்று முடிவு செய்வதும் ஆடும் பிள்ளைகள்தான். செல்போன் விளையாட்டில் பலகை நம் தெருதான், ஆனால் எது கல் எது மண் என்ற பட்டியல் வேறு எங்கோ ஒரு செர்வரில் இருக்கிறது. மற்ற வித்தியாசமெல்லாம் அப்புறம்.

இந்தக் கதைக்குத் தொடக்கத் தேதி உண்டு. ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. பொதுமக்களுக்குப் போகும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். நூறு மீட்டர் வரை தப்பும். கிளிண்டன் அரசு 2000 மே 1 நள்ளிரவோடு அதை நிறுத்தியது. ஒரே இரவில் துல்லியம் கிட்டத்தட்டப் பத்து மடங்கு கூடியது. இரண்டே நாளில், மே 3 அன்று, டேவ் அல்மர் என்ற கணினிக்காரர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு காட்டோரம் வாளி ஒன்றைப் புதைத்து வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் போட்டார். வாளிக்குள் புத்தகம், மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். கண்டுபிடிப்பவர் ஏதாவது எடுக்கலாம், ஏதாவது வைக்க வேண்டும். ஜியோகேஷிங் என்று இன்று உலகம் முழுக்க ஆடுவது இதைத்தான். அடுத்த ஆண்டுகளில் ஸ்வீடனில் பாட்ஃபைட்டர்ஸ், ஜப்பானில் மோகி என்று செல்போன் விளையாட்டுகள் வந்தன. அவற்றைப் பற்றித் தனியே எழுதலாம்.

நமக்கு வேண்டியவர் ஜான் ஹாங்கே. கீஹோல் என்ற நிறுவனத்தை நடத்தியவர். 2004ல் கூகுள் அதை வாங்கியது, அதுதான் கூகுள் எர்த் ஆனது. கீஹோலில் முதலீடு செய்தவர்களில் அமெரிக்க உளவுத்துறையின் முதலீட்டு அமைப்பான இன்-க்யூ-டெல்லும் ஒன்று. கூகுளுக்குள் இருந்துகொண்டே ஹாங்கே தொடங்கிய குழுதான் நயான்டிக். அவர்களுடைய முதல் விளையாட்டு இன்க்ரஸ், 2012ல் வந்தது. இரண்டு அணிகள், ஊரில் உள்ள 'போர்ட்டல்'களைப் பிடிக்க வேண்டும். சரி, போர்ட்டல் எங்கே இருக்கும்? வரலாற்றுச் சின்னங்களின் தரவுத்தளத்திலிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். மிச்சத்தை ஆடுபவர்களிடமே விட்டார்கள். சிலை, கோயில், சுவரோவியம், பழைய கட்டடம் என்று படம் எடுத்து அனுப்பினால், பரிசீலித்துச் சேர்ப்பார்கள். சுமார் 1.5 கோடி பரிந்துரைகள் வந்தன, அவற்றில் சுமார் 50 லட்சம் ஏற்கப்பட்டன என்று ஹாங்கே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். 2015ல் புதிய பரிந்துரைகளை நிறுத்திவைத்தார்கள். 2016 ஜூலையில் போகிமான் கோ வந்தபோது, அதன் ஸ்டாப்புகளும் ஜிம்களும் பெரும்பாலும் இந்தப் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்பட்டன.

என் மருமகனுக்கான பதில் இங்கே இருக்கிறது. 2013, 14ல் தமிழ்நாட்டில் இன்க்ரஸ் ஆடியவர்கள் யார்? நல்ல ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தவர்கள், டேட்டாவுக்குச் செலவு செய்ய முடிந்தவர்கள், ஆங்கிலத்தில் விவரம் எழுதத் தெரிந்தவர்கள். பெரும்பாலும் எங்களைப் போன்ற ஐ.டி. ஆட்களும் பொறியியல் மாணவர்களும்தான். நாங்கள் எங்கே சுற்றினோமோ அது வரலாறு ஆகிவிட்டது. ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனி வாசலில் வைத்த பித்தளைப் பொம்மை வரலாற்றுச் சின்னம். எங்கள் பக்கத்துத் தவ்வைச் சிற்பம் ஒன்றுமில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். வாஷிங்டனில் வெள்ளையர் பகுதிகளில் ஸ்டாப்புகள் அதிகம், கறுப்பின மக்கள் பகுதிகளில் குறைவு என்று அர்பன் இன்ஸ்டிட்யூட் அப்போதே எழுதியது.

இந்தியாவில் இந்த விளையாட்டு நுழைந்த நேரமும் விசேஷமானது. 2016 மே மாதம்தான் உள்துறை அமைச்சகம் ஒரு புவித்தகவல் மசோதா வரைவை வெளியிட்டிருந்தது. அனுமதி இல்லாமல் இந்திய இடத்தகவலைச் சேகரித்தால் ஒரு கோடி முதல் நூறு கோடி வரை அபராதம், ஏழு வருடம் வரை சிறை. பயத்துக்குப் பின்னணி உண்டு. 2013ல் கூகுள் நிறுவனம் 'மேப்பத்தான்' என்று ஒரு போட்டி வைத்து, மக்கள் தங்கள் ஊரை வரைபடத்தில் சேர்த்தால் பரிசு என்றது. இந்திய நில அளவைத் துறை போலீசில் புகார் கொடுக்க, விஷயம் சிபிஐ விசாரணை வரை போனது. அந்த மசோதா சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரியில் நேர் எதிர்த்திசையில் விதிகளைத் தளர்த்தினார்கள், இந்திய நிறுவனங்களுக்கு மட்டும். ஆனால் 2016 கோடையில், எந்தக் கோயில் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று லட்சக்கணக்கானவர்கள் ஒரு அமெரிக்க கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த பட்டியல் ஒன்று ஏற்கெனவே தயாராக இருந்தது. யாரும் அதைத் தரவு என்று பார்க்கவில்லை, விளையாட்டு என்றுதான் பார்த்தார்கள்.

நீதிமன்றத்துக்குப் போனதும் வேறு காரணத்துக்காக. 2016 செப்டம்பரில் குஜராத் உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு. கோயில்களிலும் சமண ஆலயங்களிலும் விளையாட்டு 'முட்டை' வைக்கிறது, இது மத உணர்வைப் புண்படுத்துகிறது என்பது மனுவின் முக்கியமான புகார். தனியுரிமை, பாதுகாப்பு ஆகியவையும் மனுவில் இருந்தன. நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. அந்த முட்டை திரையில் தெரியும் ஒரு படம், நடந்தால் பொரியும். பலரும் சிரித்தார்கள், நானும்தான். இப்போது யோசித்தால் அதற்குள் நியாயமான ஒரு கேள்வி இருந்தது தெரிகிறது: எங்கள் வழிபாட்டு இடத்தை ஆட்டப் பலகையில் சேர்க்க யார் யாரிடம் கேட்டீர்கள்? வாஷிங்டனில் யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது: தயவுசெய்து இங்கே ஆடாதீர்கள்.

அதிகாரபூர்வமாக விளையாட்டு இந்தியாவுக்கு வந்தது 2016 டிசம்பர் 14, ஜியோவுடன் சேர்ந்து. ரிலையன்ஸ் டிஜிட்டல் கடைகளெல்லாம் ஸ்டாப்பும் ஜிம்மும் ஆயின. கல்வெட்டுக்கு இல்லாத இடம் கடைக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் அந்த டிசம்பரில் இதை யார் கவனித்திருப்பார்கள்? 5ஆம் தேதி ஜெயலலிதா மறைந்தார். 12ஆம் தேதி வர்தா புயல் சென்னை மரங்களைப் பிடுங்கிப் போட்டது. மிச்சப்பேர் ஏடிஎம் வாசலில் நின்றோம்.

சரி, இதனால் நன்மை உண்டா? சும்மா சொல்லக்கூடாது, உண்டு. அமெரிக்க இளைஞர்களின் ஐபோன் கணக்கை வைத்து பிஎம்ஜே இதழில் 2016 டிசம்பரில் வந்த ஆய்வின்படி, ஆடத் தொடங்கிய முதல் வாரத்தில் நாளுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடுதலாக நடந்தார்கள். ஆறாவது வாரத்தில் அந்தக் கூடுதல் காணாமல் போனது. உடற்பயிற்சி என்று பார்த்தால் இவ்வளவுதான். நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. மண்டகப்பட்டுக்கு நான் முதலில் போனது இன்க்ரஸுக்காக. விழுப்புரம் செஞ்சி சாலையில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மாவுக்கும் ஈசனுக்கும் விஷ்ணுவுக்கும் கட்டியது என்று மகேந்திரவர்மன் கல்வெட்டிலேயே எழுதி வைத்த குடைவரை. பிறந்து வளர்ந்த மாவட்டம், முப்பது வயது தாண்டும்வரை பார்த்ததில்லை. புள்ளி பிடிக்கப் போனவன் கல்வெட்டைப் பிடித்துக்கொண்டேன். பனமலை, தளவானூர், திருவாமாத்தூர் எல்லாம் அதற்கப்புறம்தான். இந்த வலைப்பதிவே அப்படி வந்ததுதான்.

ஆபத்தையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இந்தியானா மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் கிட்டத்தட்ட 12,000 போலீஸ் விபத்து அறிக்கைகளை எடுத்து, பர்டியூ பல்கலைக்கழகப் பொருளாதாரக்காரர்கள் இருவர் அலசினார்கள். விளையாட்டு வந்தபின் ஸ்டாப்புகளுக்கு அருகில் விபத்துகள் மற்ற இடங்களைவிடக் கூடியிருந்தன. ஜப்பானில் 2016 ஆகஸ்டில், ஓட்டிக்கொண்டே ஆடிய ஒரு ஓட்டுநர் மோதி ஒரு பெண் இறந்தார். மிசௌரியில் ஓஃபாலன் என்ற ஊரில், ஆடுபவர்கள் வந்து நிற்கும் இடத்தில் காத்திருந்து துப்பாக்கி காட்டி வழிப்பறி செய்ததாக நான்கு இளைஞர்கள் கைதானார்கள். வேகமாகப் போனால் ஆட முடியாதபடி பிறகு மாற்றினார்கள். ஆனால் ஜி.எஸ்.டி. சாலையைக் குறுக்கே கடக்கிறவன் வேகமாகப் போவதில்லையே. ஒரு முறை நானே சாலையின் நடுத்திட்டில் நின்றுகொண்டு போர்ட்டலுக்குக் கை நீட்டியிருக்கிறேன். எதிரே வந்த அரசுப் பேருந்து ஓட்டுநர் என் வம்சத்தையே விசாரித்தார். விபத்தில் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் மருத்துவமனைக்குள் திரும்பும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

இப்போது தவ்வைக்கு வருகிறேன். ஊரைச் சொல்லப் போவதில்லை. இங்கிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் ஒரு ஏரிக்கரை. இடுப்பு வரை மண்ணில் புதைந்து ஒரு மூத்ததேவி. பருத்த வயிறு, ஒரு பக்கம் காக்கைக் கொடி, மாட்டு முகத்தோடு மகன். பரிந்துரை மறுபடி திறந்து, பின்னாளில் போகிமான் ஆடுபவர்களும் அனுப்பலாம் என்று ஆனபோது, மருமகன் போன் செய்தான். "மாமா, அந்த மூதேவி சிலையை அனுப்பிடலாமா? உங்க ஊருக்கும் ஒரு ஸ்டாப் வரும்." எனக்கு ஆசைதான். படமும் எடுத்து வைத்திருந்தேன், விவரமும் எழுதியாயிற்று. கடைசியாக ஒருமுறை அளவெடுக்கப் போனேன். வெள்ளிக்கிழமை. ஒரு பாட்டி மஞ்சள் பூசி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நீ யாரு வூட்டுப் புள்ள?"

சொன்னேன். இது என்ன சாமி என்று கேட்டேன்.

"ஏரியாத்தா. தண்ணிக்குக் காவலு. போன மாசி மாசம் எவனோ அடியில புதையல் இருக்குதுன்னு ராத்திரில வந்து தோண்டியிருக்கான். பாரு."

பார்த்தேன். பீடத்தின் ஒரு பக்கம் கடப்பாரைத் தழும்பு. சிலைக்குக் கீழே புதையல் என்ற நம்பிக்கையால் உடைபட்ட சிற்பங்கள் நம்மூரில் எவ்வளவோ. நான் அனுப்ப இருந்தது படமும் விவரமும் மட்டுமில்லை. மீட்டர் கணக்கில் துல்லியமான ஆயத்தொலைவு. அதுவும் தொல்லியல் துறையின் பதிவேட்டுக்குக்கூட இல்லை, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும் பலகைக்கு. அனுப்பாவிட்டாலும் சும்மா இருந்துவிட முடியாது. எதிலும் பதிவாகாத சிற்பம் காணாமல் போனால், அது இருந்தது என்று நிரூபிக்கவே வழியில்லை.

பலகையும் கை மாறிவிட்டது. 2024 நவம்பரில் நயான்டிக், ஆடுபவர்கள் விருப்பப்பட்டு ஸ்கேன் செய்து கொடுத்த இடங்களையும் வைத்து, உலகைப் புரிந்துகொள்ளும் ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியைக் கட்டுவதாக அறிவித்தது. 2025 மார்ச்சில் போகிமான் கோ உள்ளிட்ட விளையாட்டுகளை 350 கோடி டாலருக்கு, சவூதி முதலீட்டில் இயங்கும் ஸ்கோப்லிக்கு விற்பதாகச் சொன்னார்கள். வரைபடத் தொழில்நுட்பத்தை நயான்டிக் ஸ்பேஷியல் என்று தனியாக வைத்துக்கொண்டார்கள். எதை விற்றார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்று கவனியுங்கள்.

மருமகனிடம் வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டான். அதற்குப் பதிலாக ரயில் நிலையத்தை அனுப்பச் சொன்னேன்; அதை யாரும் தோண்டி எடுத்துப் போக முடியாது. ஏரியாத்தாவின் படங்கள், அளவுகள், இருப்பிடம் மூன்றையும் தாளில் எழுதி, மாவட்ட அருங்காட்சியகத்துக்கு என்று உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன் ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டும். ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது எல்லாரும் ஏரிக்கரைக்கு வருவார்கள், அப்போது வா என்று பாட்டி சொல்லியிருக்கிறார்.