நீலக் குழந்தைகள்

நீல நிறத்தின்மீது நமக்கு ஒரு தனி மோகம் உண்டு. கண்ணனை நீலமேக சியாமளன் என்கிறோம். விஷத்தை உண்ட பரமசிவனை நீலகண்டன் என்று கும்பிடுகிறோம். ஆனால் பெற்ற குழந்தையின் உதட்டிலும் நகக்கண்ணிலும் அந்த நிறத்தைக் காண நேர்ந்த தாய்க்கு அது தெய்வத்தின் நிறமாகத் தோன்றுவதில்லை.

என் சிறு வயதில் எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் இருந்தாள். பத்தடி நடந்தால் குந்திக்கொண்டுவிடுவாள். மூச்சு வாங்கும். சற்றுப் பொறுத்து எழுந்து இன்னும் பத்தடி நடப்பாள். பெரியவர்கள் சோம்பல் என்றார்கள். எங்கள் விளையாட்டுகளில் அவள்தான் நிரந்தர மத்தியஸ்தர். திண்ணையில் உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொல்வாள். ஒரு மார்கழி மாதத்தில் அந்தத் திண்ணை காலியாயிற்று. அவள் குந்தியது சோம்பல் அல்ல, உடம்பு தானே கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம் என்பதைப் பல வருஷங்களுக்குப் பிறகு புத்தகத்தில் படித்தேன். முழங்காலை மடக்கி உட்காரும்போது காலுக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு, நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகுமாம்.

இந்த நோயின் அமைப்பை 1888-ல் பிரான்ஸ் தேசத்து மார்ஸேல் நகரில் ஃபாலோ என்ற வைத்தியர் தெளிவாக விவரித்தார். நாலு குறைகள் சேர்ந்து வருவது அது. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை; நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல்; உடம்புக்குப் போகும் பெருங்குழாய் ஓட்டைக்கு மேலே சவாரி செய்வதுபோல் நகர்ந்திருத்தல்; வலக் கீழறையின் தசை தடித்துப்போதல். காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நுரையீரல் என்ற வயலுக்குப் போகும் மதகு சிறுத்துவிட்டது. அங்கே பாய வேண்டிய கறுத்த ரத்தம் கரை உடைந்த இடத்தில் புகுந்து, பிராணவாயு ஏறாமலே உடம்புக்குத் திரும்பிவிடுகிறது. குழந்தை நீலம் பாரிக்கிறது.

ஃபாலோ விவரித்தார், அவ்வளவுதான். அதன் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல், இத்தகைய குழந்தையைக் கண்ட வைத்தியர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இதயம் கத்தி தொடக் கூடாத இடம் என்பது அன்றைய சாஸ்திரம்.

இந்த நிலையை மாற்றியவர்களில் முதல்வர் ஒரு பெண்மணி. ஹெலன் டாஸிக் 1898-ல் அமெரிக்காவில் பிறந்தவர். தகப்பனார் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் பெயர் பெற்ற பொருளாதாரப் பேராசிரியர். அந்த ஹார்வர்டே மகளிடம், 'நீ வகுப்புக்கு வரலாம், பட்டம் மட்டும் பெண்களுக்குக் கிடையாது' என்ற விதமாகப் பதில் சொன்னது. ஆகவே அவர் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்து 1927-ல் டாக்டரானார். அங்கேயே 1930-ல் குழந்தைகளின் இதய நோய்ப் பிரிவுக்குத் தலைவியாக அமர்த்தப்பட்டார். விதி செய்த விளையாட்டைப் பாருங்கள்: இதய வைத்தியருக்கு வேண்டிய முதல் சாதனம் செவி. அம்மையாருக்கோ முப்பது வயதை ஒட்டிக் காது மந்தமாகிவிட்டது. அவர் விரல்களைக் குழந்தையின் மார்பில் வைத்து, காதால் கேட்க வேண்டியதைத் தொட்டே அறியப் பழகிக்கொண்டார்.

தொட்டும், எக்ஸ்-ரே திரையில் பார்த்தும் அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கருவில் இருக்கும் சிசுவுக்கு நுரையீரல் வேலை செய்வதில்லை. ஆகையால் அதைச் சுற்றிக்கொண்டு போக இயற்கை ஒரு குறுக்கு வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறது. பிறந்த சில நாட்களில் அது தானே தூர்ந்துவிடும். நீலக் குழந்தைகளில் சிலர் ஆரம்பத்தில் நன்றாக இருந்து, அந்த வாய்க்கால் தூர்ந்த பிறகே சீர்கெட்டார்கள். அப்படியானால் மறுபடியும் ஒரு வாய்க்கால் வெட்டினால் என்ன? பாஸ்டனில் 1938-ல், தூராமல் நின்றுபோன அதே வாய்க்காலை ஒரு சிறுமிக்குக் கட்டி மூடிப் புகழ் பெற்ற டாக்டர் கிராஸிடம் போய் அவர் கேட்டார். மூடுவதில் இருந்த ஆர்வம் கிராஸுக்குத் திறப்பதில் இருக்கவில்லை.

ஹாப்கின்ஸுக்கு 1941-ல் ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற ரண சிகிச்சை நிபுணர் வந்தார். தம்முடன் ஓர் உதவியாளரையும் அழைத்து வந்தார். அந்த உதவியாளரைப் பற்றித்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

விவியன் தாமஸ் கறுப்பர், தச்சரின் மகன், தாமும் தச்சு வேலை அறிந்தவர். டாக்டராக வேண்டும் என்று காசு சேர்த்துக்கொண்டிருந்தார். நாஷ்வில் நகரில் பிளேலாக்கின் ஆராய்ச்சிக் கூடத்தில் 1930-ல் சேர்ந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. அதே ஆண்டில் பாங்கி முறிந்தது. படிப்புக்காக வைத்திருந்த பணம் அதோடு போயிற்று. அன்று முதல் கூடமே அவருக்குக் கல்லூரி. நாய்களுக்குச் சிகிச்சை செய்தார், சோதனைகளை வகுத்தார், குறிப்பு எழுதினார். சம்பளப் பட்டியலில் மட்டும் அவர் பெயருக்கு நேரே துப்புரவுக்காரர் என்று இருந்தது. பால்டிமோரிலோ அவர் வெள்ளைக் கோட்டுடன் நடந்தால் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. பிளேலாக்கின் வீட்டு விருந்துகளில் அவர் மது ஊற்றிக் கொடுத்துக் கூடுதல் வரும்படி தேடியதுமுண்டு. பகலில் அவரிடம் வித்தை கற்ற இளம் டாக்டர்களே மாலையில் அவரிடம் கிண்ணத்தை நீட்டியிருப்பார்கள். கதையில் எழுதினால், மிகைப்படுத்தியிருக்கிறீர்கள் என்று எனக்குக் கடிதம் வரும்.

டாஸிக் அம்மையார் இவர்களிடம் வந்து, குழாய்க்காரர் குழாயை மாற்றி வைப்பதுபோல் ரத்தத்துக்கு வழி மாற்றித் தர முடியாதா என்று கேட்டார். கைக்குப் போகும் ஒரு ரத்தக் குழாயை நுரையீரல் குழாயோடு இணைக்கும் வேலையைத் தாமஸும் பிளேலாக்கும் முன்பே வேறொரு காரியத்துக்காக நாய்களிடம் செய்து பார்த்திருந்தார்கள். அந்தக் காரியம் பலிக்கவில்லை. பயன்படாமல் கிடந்த அந்த வித்தைதான் இப்போது கைகொடுத்தது. தாமஸ் முதலில் நாய்களுக்கு இந்த நீல நோயைப் போன்ற ஒரு நிலையை உண்டாக்கி, பிறகு அதைத் தீர்த்தும் காட்ட வேண்டியிருந்தது. ஏறக்குறைய 200 நாய்கள். அவற்றில் நெடுநாள் பிழைத்திருந்த அன்னா என்ற நாயின் படத்தை ஹாப்கின்ஸில் மாட்டி வைத்தார்கள். மற்றவற்றுக்குப் படம் இல்லை. சிசுவின் குழாய்க்கு ஏற்ற ஊசிகூட அன்று கிடையாது. பெரிய ஊசிகளை ஒடித்துத் தீட்டிக்கொண்டார் தச்சர் மகன்.

1944 நவம்பர் 29. ஐலீன் என்ற பெண் குழந்தைக்குப் பதினைந்து மாதம். எடையோ நாலு கிலோ சொச்சம். நோயாளியைத் தொட தாமஸுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அந்த இணைப்பில் கை தேர்ந்தவர் பிளேலாக் அல்ல, அவர்தான். ஆகவே பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு படிமேடை போட்டு அவரை நிற்க வைத்தார்கள். தையல் சரியான திசையில் விழுகிறதா, இடைவெளி போதுமா என்று பிளேலாக் கேட்கக் கேட்க, தாமஸ் தாழ்ந்த குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐலீன் பிழைத்து வீடு திரும்பினாள். சில மாதங்களில் நீலம் மீண்டது. இரண்டாவது சிகிச்சையும் செய்தார்கள். இரண்டு வயது நிறையுமுன் அவள் போய்விட்டாள். வெற்றிக் கதை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அந்த வரியில்தான் கண் நிற்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் அவள் அந்தச் சில மாதங்களைக்கூடப் பார்த்திருக்க மாட்டாள் என்பதும் உண்மை. அந்த மாதங்கள் ஒரு தாய்க்கு எவ்வளவு என்பதை யார் அளந்து சொல்வது?

1945 பிப்ரவரியில் மூன்றாவது சிகிச்சை. நோயாளி ஆறு வயதுப் பையன். குழாயைக் கட்டியிருந்த கவ்விகளை எடுத்ததும் மேஜைமேலேயே அவன் உதடு சிவந்தது. மயக்கம் தெளிந்தவன், எழுந்திருக்கலாமா என்று கேட்டானாம்! அந்த மே மாதம் அமெரிக்க வைத்திய சங்கத்தின் பத்திரிகையில் மூவரின் வரலாறும் வெளிவந்தது. பிளேலாக், டாஸிக் என்று இரண்டு பெயர்கள். மூன்றாவது பெயர் இல்லை. பெற்றோர்கள் நீலக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு வந்து குவிந்தார்கள்.

இது மாற்று வழிதான். ஓட்டை அப்படியே இருந்தது. உள்ளே போய் அதை அடைக்க, இதயத்தைச் சற்று நேரம் வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும். மின்னஸோட்டாவில் வால்டன் லில்லிஹை 1954-ல் இதற்குச் செய்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. பக்கத்து மேஜையில் தகப்பனாரையோ தாயாரையோ படுக்க வைத்து, இருவர் ரத்தக் குழாய்களையும் இணைத்துவிட்டார்! பெற்றவரின் இதயமும் நுரையீரலும் இரண்டு பேருக்காகவும் உழைக்க, குழந்தையின் இதயத்தைத் திறந்து தைத்தார்கள். ஒரே சிகிச்சையில் இரண்டு சாவு நேரக்கூடும் என்று எதிர்த்தவர்கள் உண்டு. அவர்கள் சொன்னது அநியாயமும் அல்ல. இவ்வாறு 45 பேருக்குச் செய்ததில் 28 பேர் பிழைத்து வீடு சென்றார்கள். ரத்தம் கொடுக்கப் படுத்தவர்களில் ஒருவருக்கு மூளையில் நிரந்தரச் சேதம் ஏற்பட்டது. விரைவில் யந்திரம் வந்து அந்த இரண்டாவது மேஜையை அப்புறப்படுத்தியது.

பிற்பாடு நடந்தவை வேகமாக நடந்தன. ஒரே கீழறையோடு வாழ வேண்டிய குழந்தைகளுக்குப் பிரான்ஸில் ஃபோன்டான் 1968-ல் வழி கண்டார். இடப் பாதியே வளராத இதயத்துக்கு பாஸ்டனில் நார்வுட் கண்ட முறை 1983-ல் பிரசுரமாயிற்று. இன்று பணக்கார நாடுகளில் பிறவி இதயக் குறையுள்ளவர்களில் குழந்தைகளைவிடப் பெரியவர்களே அதிகம்.

தாமஸின் உருவப்படம் 1971-ல் ஹாப்கின்ஸுக்குக் கிடைத்தது. 1976-ல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டமும் கொடுத்தார்கள். வைத்தியப் பட்டம் அல்ல, சட்டத்துறைப் பட்டம்! 1985-ல் அவர் இறந்தார். அவருடைய சுயசரிதை அச்சாகி வந்தது அதன் பிறகுதான். அந்த இணைப்புக்கு பிளேலாக்-தாமஸ்-டாஸிக் என்று மூன்று பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அண்மைக் காலத்தில் பரவி வருகிறது.

டாஸிக் அம்மையார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், அந்த முதல் வருஷங்களில் சிகிச்சை பெற்ற குழந்தைகளை விடவில்லை. இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்தும் அவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார்: யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யார் எதுவரை படித்தார்கள், யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, யார் யாருக்குக் குழந்தை பிறந்தது, அந்தக் குழந்தையின் இதயம் எப்படி இருக்கிறது.