மட்டாஞ்சேரி யூதப்பள்ளி: பெஞ்சில் யார், படியில் யார்?



நம் பெரியகுளத்திலிருந்து தேனி, கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி ஏறி, பீர்மேடு தாண்டிக் கோட்டயம் இறங்கி, வைக்கம் பக்கமாகப் போனால் கொச்சி. ஏலக்காயும் மிளகும் விற்கிற நம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அது அந்நிய ஊர் அல்ல. கொச்சிக்குச் சுற்றுலா போகிறவர்கள் மட்டாஞ்சேரியில் யூதர் தெருவுக்கும் போய், அங்குள்ள யூதப்பள்ளியில் சீனத்துத் தரை ஓடுகளையும் தொங்குவிளக்குகளையும் பார்த்து வியந்துவிட்டு வருகிறார்கள். கட்டடத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அதை நடத்தியவர்கள் யார், உள்ளே யாருக்கு எந்த இடம் கொடுத்தார்கள் என்பதைத்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

முதலில் பெயர். நான் சிறுவயதில் படித்தது பிரெஞ்சு மொழிப் பள்ளி. அங்கே இதை 'சினகோக்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூலம் கிரேக்கச் சொல். கூடுதல் என்று பொருள். எபிரேய மொழியிலும் அதற்குக் 'கூடும் வீடு' என்றே பெயர். மலையாளத்தார் 'ஜூதப்பள்ளி' என்கிறார்கள். 'பள்ளி' நமக்கும் பழைய சொல்தான். உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய சமணர்கள் தங்கிப் படித்த இடமும் பள்ளி, முஸ்லிம்கள் தொழும் இடமும் பள்ளி, பிள்ளைகள் படிக்கும் இடமும் பள்ளி. ஆக, எல்லா மொழியிலும் அது மனிதர்கள் கூடும் இடம். அங்கே கருவறையும் இல்லை, சிலையும் இல்லை. ஒரு பேழைக்குள் தோரா என்னும் வேதச் சுருள்கள் இருக்கின்றன. நடுவில் அதை வாசிக்க ஒரு மேடை, சுற்றிலும் பெஞ்சுகள், மாடியில் பெண்களுக்கு இடம். கேரளத்துப் பள்ளிகளில் மட்டும் மாடியிலும் இரண்டாவதாக ஒரு வாசிப்பு மேடை உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதும் அவர்கள் நம் மண்ணில் எடுத்துக்கொண்ட வழக்கம்.

இந்த யூதர்கள் கேரளத்துக்கு வந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதற்குச் சான்றாக ஒரு செப்பேடு இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில், அதாவது கொடுங்கல்லூரில் இருந்துகொண்டு, யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து, மொழி, நம்மில் பழைய கல்வெட்டு படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும். ஜோசப் ரப்பானின் பெயர் அதில் 'இசுப்பு இறப்பான்' என்று வருகிறது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையோடு 72 சிறப்புரிமைகளும் அவருக்குக் கிடைத்தன. பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, தோரணம் என்று, உயர்ந்த குடிகளுக்கு மட்டும் உரிய மரியாதைகள் எல்லாம் அதில் அடக்கம். சில வரிகளிலிருந்து விலக்கும் உண்டு.

1492இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியது. பின்னர் போர்ச்சுக்கலிலும் அவர்கள் இருக்க முடியாமல் போயிற்று. அப்படி ஓடிவந்தவர்களில் சிலரும், மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களும் கொச்சியில் குடியேறினார்கள். இவர்களுக்குப் பரதேசி யூதர் என்று பெயர். நம்மூரில் 'பரதேசி' என்றால் திட்டு. அங்கே அதற்கு வேற்று தேசத்தார் என்று மட்டுமே பொருள். கொச்சி ராஜா தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். 1568இல் இந்தப் பரதேசிப் பள்ளி எழுந்தது. 1662இல் போர்ச்சுக்கீசியர் அதைச் சேதப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகு அது செப்பனிடப்பட்டது. 1760இல் மணிக்கூண்டைக் கட்டியவர் எசக்கியேல் ரஹாபி என்ற பெரிய வணிகர். கையால் தீட்டிய சீன ஓடுகளை வரவழைத்ததும் அவரே.

இனி ஊழியர்களுக்கு வருவோம். கொச்சி யூதர்களிடம் முறையாகப் பட்டம் பெற்ற ரபி, அதாவது சமயகுரு, கிடையாது. இத்தனை நூற்றாண்டுகளாக ஒரு குரு பீடம் இல்லாமலே அவர்கள் சமயத்தைக் காப்பாற்றினார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவெடுப்பார்கள். அந்தச் சபைக்கு 'யோகம்' என்று பெயர். ராஜா நியமிக்கும் சமுதாயத் தலைவருக்குப் பட்டம் 'முதலியார்'! ஆம், நம் முதலியார்தான். சமுதாயத்துக்குள் வரும் வழக்குகளைத் தீர்ப்பதும் அவர் பொறுப்பு.

அன்றாட வேலைக்கு மூன்று பேர் முக்கியம். வழிபாட்டை ராகத்தோடு நடத்துகிறவர் ஹஸ்ஸான். வேத விதிப்படி ஆடு கோழி அறுக்கிறவர் ஷோஹெத். அவர் இல்லாவிட்டால் ஊரில் யாரும் கறி சாப்பிட முடியாது. கதவைத் திறந்து, விளக்கேற்றி, இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்பவர் ஷம்மாஷ். சின்ன ஊர்களில் ஒருவரே இரண்டு மூன்று வேலையையும் பார்த்து, பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்தும் சொல்லிக் கொடுப்பார். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது நன்றாகப் புரியும். அதிகாரி ஒரு வாரம் வராவிட்டாலும் ஆபீஸ் நடக்கும். சாவி வைத்திருக்கிற கடைநிலை ஊழியர் வராவிட்டால் கதவே திறக்காது.

பெண்கள் மாடியில் அமர்ந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. திருமணத்துக்கும் பண்டிகைக்கும் அவர்கள் பாடிய மலையாளப் பாடல்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. தாய் நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைப்பாள், மகள் அதைப் பார்த்துப் படி எடுத்துக்கொள்வாள். தோரா வாசித்து முடிக்கும் பண்டிகையில் தேங்காயெண்ணெய் விளக்குகளை அடுக்கடுக்காக ஏற்றி, வேதச் சுருளைத் தூக்கிக்கொண்டு பள்ளியைச் சுற்றி வருவார்கள். பார்த்தால் நம் கோயில் பிரகாரம் சுற்றுவது போலவே இருக்கும்.

குரு இல்லை, பத்து ஆண்கள் கூடினால் வழிபாடு, எழுத்தறிந்தவர் யாரானாலும் மேடையேறி வேதம் வாசிக்கலாம். கேட்கும்போது எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் அந்த 'யாரானாலும்' என்ற சொல்லில்தான் சிக்கல் இருந்தது.

பரதேசி யூதர்கள் தங்களை வெள்ளை யூதர் என்று சொல்லிக்கொண்டு, தங்களுக்கு முன்பே அங்கு வேரூன்றியிருந்த மலபார் யூதர்களைக் கறுப்பு யூதர் என்று தள்ளி வைத்தார்கள். பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. இவர்களுக்கும் கீழே இன்னொரு பிரிவு இருந்தது. பரதேசி வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூத சமயம் ஏற்று விடுதலை பெற்றவர்களின் வழியினர். 'மெஷுஹ்ரார்' என்றால் விடுவிக்கப்பட்டவர். பெயரில்தான் விடுதலை. பள்ளிக்குள் அவர்கள் பெஞ்சில் உட்காரக் கூடாது. முன்கட்டில் தரையிலோ படியிலோ உட்கார வேண்டும். மேடையேறி வாசிக்கும் உரிமையிலும் தடை. செத்த பிறகு புதைக்கும் இடமும் வேறு.

வேதம் இதைச் சொல்லியதா? இல்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து எகிப்துக்கு ஒரு கேள்வி போயிற்று. அடிமை வழியினர் என்று சொல்லி ஒரு பிரிவாரை ஒதுக்கலாமா என்பது கேள்வி. கெய்ரோவில் இருந்த பெரிய சமய அறிஞர் தாவீது இப்னு சிம்ரா பதில் எழுதினார். முறைப்படி சமயத்துக்குள் வந்துவிட்டால் அவர்கள் மற்றவர்களைப் போன்ற யூதர்களே, திருமண உறவுக்கும் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்ப்பு வந்தது, பழக்கம் மாறவில்லை. பிரான்ஸ் நாட்டுச் சட்டமன்றம் 1791இல் யூதர்களுக்கு முழுக் குடியுரிமை கொடுத்ததைப் பள்ளியில் பெருமையோடு படித்தவன் நான். ஐரோப்பாவில் யூதருக்குச் சம இடம் உண்டா என்று விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில், கொச்சியில் யூதருக்கு யூதரே சம இடம் தரவில்லை.

இந்தப் பிரிவில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். பெயரைப் பார்த்து நம் சேலம் மாவட்டத்துக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்து, சென்னையில் சட்டம் முடித்து வக்கீல் ஆனார். கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார், தொழிலாளர்களுக்காகப் பேசினார், காங்கிரஸில் ஈடுபட்டார். வெளியே இவ்வளவு மரியாதை பெற்ற மனிதர், தம் சொந்தப் பள்ளிக்குள் போனால் தரையில் உட்கார வேண்டும்!

அவர் தேர்ந்த வழி காந்தியின் வழி. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியதும், நம் ஈரோட்டுப் பெரியார் அங்கே போய்ச் சிறை சென்றதும் நமக்குத் தெரியும். வைக்கத்திலிருந்து கொச்சி ஒரு எட்டுத் தூரம். சேலம் யூதப்பள்ளியின் படியில் போய் உட்கார்ந்தார். சண்டை இல்லை, கல்வீச்சு இல்லை. எல்லாரும் பார்க்கும்படி அமர்ந்து, எனக்கு உள்ளே ஏன் இடமில்லை என்று கேட்காமல் கேட்டார். 'யூத காந்தி' என்ற பெயர் அவருக்கு அப்படித்தான் வந்தது.

ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. வருஷக்கணக்கில் இழுத்து, ஒவ்வொரு தடையாக விலகியது. முதலில் உள்ளே இடம், பிறகு பெஞ்சு, பிறகு மேடை. கல்யாண விஷயம்தான் கடைசி வரை கெட்டியாக நின்றது. 1950இல் சேலத்தின் மகனுக்கும் ஒரு பரதேசி வீட்டுப் பெண்ணுக்கும் பலத்த எதிர்ப்புக்கு இடையே திருமணம் நடந்தது. அப்போதுதான் அந்தச் சுவரிலும் விரிசல் விழுந்தது. நம் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் 1939இல் அரிஜன மக்களை அழைத்துப் போனபோது என்ன எதிர்ப்பு இருந்தது என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சாமி வேறு, மொழி வேறு. வாசலில் நடந்த வாக்குவாதம் ஒன்றேதான்.

கதவு திறந்த நேரத்தில் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள் என்பதுதான் இதில் வருத்தம். 1948இல் இஸ்ரேல் பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மலபார் யூதர்கள் ஊர் ஊராகப் புறப்பட்டுப் போனார்கள். பரதேசிகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனார்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளியின் உட்புற மரவேலைகள் இன்று ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1968இல் பரதேசிப் பள்ளியின் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், தபால்தலையும் வெளியிட்டார்கள். அதைப் பார்க்கச் சேலம் இல்லை. 1967இல் காலமாகிவிட்டார். இப்போது அங்கே மிஞ்சியிருக்கும் யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் சேர வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து யாராவது வர வேண்டும். ஒரு காலத்தில் தரையில் உட்கார வைத்தவர்களின் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் இன்று பக்கத்தில் இருந்தால், பெஞ்சை நகர்த்தி இடம் போட்டுக் கொடுப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

நம் ஊர்களிலும் சங்கம், சமுதாயக்கூடம், கோயில் கமிட்டி என்று எத்தனையோ நடத்துகிறோம். நிர்வாகிகள் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கிறோம். கூட்டம் நடக்கும்போது யார் நாற்காலியில், யார் வாசல் ஓரத்தில் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்தால், அந்த அமைப்பு உண்மையில் எதை மதிக்கிறது என்று தெரிந்துவிடும்.

கொச்சி போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்களிலும் பள்ளி மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை என்றால் நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். ஓடுகளைப் பார்ப்பதற்கு முன்னால் வாசற்படியையும் ஒரு நிமிஷம் பாருங்கள். பெஞ்சில் இடம் கேட்டு ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்த படி அது.