பேரும் பிடிப்பும்: மலையகத் தோட்டங்களிற் கூலிக் கழிவின் வரலாறு

உழைப்பவர் ஈட்டும் கூலி முழுவதும் அவர் கைக்கு வந்து சேர்வது அரிது. வரியாகவும், கடனாகவும், சேமிப்பாகவும், சந்தாவாகவும் அதன் ஒரு பகுதி முன்கூட்டியே பிடித்துக்கொள்ளப்படுகிறது. இவ்வாறு பிடிப்பது எக்காலத்தும் தீதென்று கூறிவிட முடியாது. முதுமைக்கென ஒதுக்கிய பணம் முதுமையில் உதவவே செய்கிறது. எனவே எவ்வளவு பிடிக்கப்படுகிறது என்பதோடு, யாருடைய சொற்படி பிடிக்கப்படுகிறது என்பதும் ஆராயப்பட வேண்டியதாகும். இவ்வினாவுக்கு நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

தோட்டப் பேச்சுவழக்கில் ‘பேர்’ என்னும் சொல் இரு பொருள் தருவது. ஆளின் பெயரும் பேர். அவர் ஒரு நாள் செய்த வேலைக்குச் செக்றோலில் விழும் பதிவும் பேர். வேலை குறைந்தாலோ நேரம் தவறினாலோ ‘அரைப்பேர்’ விழும். ஒருவரது பெயரும் அவரது நாட்கூலியும் ஒரே சொல்லில் அடங்கிய இச்சமுதாயத்தில், தம் பேருக்கு எதிரே எழுதப்படும் கழிவைத் தாமே தீர்மானிக்கும் உரிமை மிகப் பிந்தியே வந்தது. வந்தபோதும் முழுமையாக வரவில்லை.

வரியிலிருந்து விலக்குப் பெறுவதே உழைப்பவருக்குப் பெரும் சலுகை என்பது பொதுவான எண்ணம். இலங்கையின் வீதி வரி வரலாறு இவ்வெண்ணத்தை ஐயுறச் செய்கிறது. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் காலத்தில், 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் எழுந்த கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் இவ்வரிமுறை திருத்தியமைக்கப்பட்டபோது, பௌத்த பிக்குகளோடு தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரும் இதினின்றும் விலக்கப்பட்டனர். ஆனால் அரசாங்கம் பிடிக்காது விட்ட அதே கூலியிலிருந்து தோட்டக் கணக்கு பிடித்துக்கொண்டது. வரிவிலக்குப் பெற்றவர் கழிவுவிலக்குப் பெற்றாரில்லை.

இக்கழிவின் தோற்றுவாய் கங்காணி முறையில் இருந்தது. தமிழகக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிவந்த பெரிய கங்காணி, வழிச்செலவையும் முற்பணத்தையும் தோட்டத்திடமிருந்து பெற்று, அதனை ஒவ்வொருவர் பேரிலும் கடனாக எழுதினார். பயணம் தொடங்கும்போதே கடன் தொடங்கியது. தோட்டத்தில் வழங்கப்பட்ட அரிசியும், மலைக்குளிருக்குத் தந்த கம்பளியும் அக்கணக்கில் ஏறின. தம் ஆட்களிற் பிரட்டுக்கு வந்தோரின் தொகைக்கேற்பக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. சம்பளம் பல தோட்டங்களிற் கங்காணியின் கைவழியே சென்றமையால், கடன் எழுதியவரே கடனைக் கழிப்பவராகவும் இருந்தார். எழுத்தறியாத தொழிலாளிக்கு எவ்வளவு பிடிபட்டது, எவ்வளவு எஞ்சியது என்று அறியும் வழி அநேகமாக இல்லை.

‘துண்டு’ முறை இந்நிலைக்கு உச்சமாக அமைந்தது. தொழிலாளர் அல்லது அவரது குழு பட்டிருந்த கடனைச் செலுத்தினால் அவரை விடுவிக்க இசைவதாகத் தோட்டத் துரை எழுதிக்கொடுத்த சீட்டே துண்டாகும். வேறு தோட்டம் அக்கடனைச் செலுத்தி ஆட்களை ஏற்றுக்கொள்ளும். செலுத்திய தொகை புதிய தோட்டத்திற் புதிய கடனாக எழுதப்படும். ஆட்கள் இடம் மாறியபோது கடனும் அவர்களோடு இடம் மாறியதேயன்றித் தீரவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி மாத அறிவித்தல் கொடுத்து வேலையை விட்டு நீங்கலாம். அறிவித்தலின்றி நீங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எனினும் துண்டில்லாதவரை வேறு தோட்டங்கள் ஏற்கத் தயங்கியமையால், அறிவித்தல் கொடுக்கும் உரிமை ஏட்டளவிலேயே நின்றது.

இம்முறையில் தனியாள் என்ற நிலைக்கு இடமிருக்கவில்லை. கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து திரும்பியோரிற் பெரும்பாலோர் ஆண்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் தேயிலை பயிரிட்டதைத் தொடர்ந்தும், 1869இற் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்ததைத் தொடர்ந்தும், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கக் குடும்பங்கள் வேண்டப்பட்டன. ஆயினும் ஒற்றையாக வந்தவரும் குடும்பத்தோடு வந்தவரும் ஒருபோலக் கங்காணியின் குழுவினராகவே எண்ணப்பட்டனர். மனைவி மக்கள் இல்லாதவருக்குச் செலவு குறைவாதலாற் கடன் விரைந்து தீருமென்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் எவ்வளவு கழிப்பது, எப்போது கழிப்பது என்பது அவர் கையில் இல்லாதபோது, செலவுச் சுருக்கம் மட்டும் அவரை விடுவித்துவிட முடியாது.

மாற்றம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவித் தண்டனைச் சட்டங்களை எதிர்த்துக் குரலெழுப்பினார். இந்தியாவிலும் இக்குடியேற்ற முறைக்கெதிரான கருத்து வலுப்பெற்றிருந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தினால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ், 1929 முதல் மலைநாட்டு உயர்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறாருக்கு 32 சதமும் நாட்கூலியாக விதிக்கப்பட்டன. தொகை சிறிது, ஆண் பெண் வேறுபாடும் அநீதியானது. ஆயினும் கூலி கங்காணியின் குழுவுக்கன்றித் தனித்தனி ஆளுக்கு உரியதெனச் சட்டம் கணக்கிடத் தொடங்கியமை இங்குக் கவனிக்கத்தக்கது. பேர் என்பது உண்மையிலேயே ஒருவருடைய பேராக மாறியது அப்போதுதான்.

அடுத்த படி 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கூலிச் சபைகள் சட்டத்தினால் எடுத்து வைக்கப்பட்டது. கூலி பணமாகவும் நேரடியாகவும் தொழிலாளிக்கே கொடுக்கப்பட வேண்டும். அனுமதிக்கப்பட்ட கழிவுகளைக்கூடத் தொழிலாளியின் சம்மதத்துடனேயே பிடிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் நெறி. ‘சம்மதம்’ என்ற சொல் தோட்டக் கணக்கினுள் இவ்வாறு நுழைந்தது. இச்சொல்லுக்கு வலுவூட்டியவை சட்டசபையும் நீதிமன்றமும் மட்டுமல்ல. 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து, ஹற்றனை நிலைக்களமாகக் கொண்டு உழைத்தவர் கோ. நடேசய்யர். அவரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் பேச்சாலும் எழுத்தாலும் பாட்டாலும் தொழிலாளரிடையே உரிமை உணர்வை வளர்த்தனர். தமக்குள்ள உரிமையை அறியாதவர் கொடுக்கும் சம்மதம் சம்மதமாகாது என்பதை அவர்கள் பணி உணர்த்திற்று.

சுதந்திரத்துக்குப் பின்னர் கழிவுகளின் இயல்பு மாறியது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை ஏற்படுத்திற்று. இன்று தொழிலாளியின் கூலியிலிருந்து நூற்றுக்கு 8 பங்கு அந்நிதிக்காகப் பிடிக்கப்பட, தொழில்கொள்வோர் நூற்றுக்கு 12 பங்கு சேர்த்துச் செலுத்த வேண்டுமென்பது பொதுவிதி. இது சம்மதம் கேளாத பிடிப்பு. ஆயினும் பிடித்த பணம் பிடிபட்டவர் பேரிலேயே வளர்கிறது. பழைய கடன் கணக்குக்கும் இதற்குமுள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. தொழிற்சங்கச் சந்தாவோ தொழிலாளி கையொப்பமிட்ட பத்திரத்தின் பேரிற் பிடிக்கப்படுவது. எந்தச் சங்கத்துக்குச் சந்தா போக வேண்டுமென்று தீர்மானிப்பவர் தனியாளே. இவற்றோடு தீபாவளி முற்பணம், கோயிற் காசு, சலவை, முடிதிருத்தம், மரண உதவி முதலியனவும் சம்பளச் சீட்டில் இடம்பெற்று வந்தன. ஒவ்வொன்றும் சிறு தொகை. எல்லாம் சேர்ந்தால் மாத முடிவிற் கைக்கு வருவது மிகச் சுருங்கிவிடும்.

சட்டம் தந்த சம்மத உரிமை எல்லார்க்கும் ஒருபடித்தாய்ப் பயன்பட்டதெனவும் கூற முடியாது. கொழுந்து பறிக்கும் பெண்களின் கூலியைக் கணவரோ தந்தையரோ சென்று பெற்றுவரும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. தன் பேருக்கு எதிரே என்னென்ன பிடிபட்டன என்பதை அத்தகைய பெண் சீட்டைக் கண்ணாற் பாராமலே ஏற்க வேண்டியிருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி 1984இலேயே வந்தது. பெயரெழுத்துப் பிழையும் இங்குக் குறிப்பிடத்தக்கது. செக்றோலில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட பெயரால், தாம் சேமித்த சேமலாப நிதியைப் பெறுவதற்கே முதியோர் அலைய நேர்ந்தது. பேர் சரியாக எழுதப்படாத இடத்திற் பிடிப்பும் சரியான பயனைத் தருவதில்லை.

நாட்டின் அண்மைக்கால வரி வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. ஊதியத்திலிருந்து வருமான வரியை முன்கூட்டியே பிடிக்கும் பழைய முறை 2020 சனவரியில் நீக்கப்பட்டு, அவ்வாண்டு ஏப்பிரலில் முற்பணத் தனியாள் வருமான வரி என்னும் முறை வந்தது. ஊழியர் சம்மதித்தால் மட்டுமே அதனைப் பிடிக்கலாம் என அப்போது இருந்தது. 2023 சனவரியில் அது கட்டாயமாக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் மாதம் 250,000 ரூபாவுக்கு மேல் உழைத்த ஊழியர், தம் வரியை மாதந்தோறும் பிடிக்க விடுவதா, ஆண்டுக்கணக்கில் தாமே செலுத்துவதா என்று தெரிவுசெய்ய முடிந்தது. அதே காலத்தில், 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மாதம் 25 நாள் முழுப்பேர் விழுந்தாலும் அது 25,000 ரூபா. வரி தொடங்கும் எல்லையிற் பத்தில் ஒரு பங்கு. கொழும்பில் உயர்சம்பளம் பெறுபவரிடம் பிடிக்கலாமா என்று வினவப்பட்டது. பிடித்தால் அடுப்புக்கே குறையும் நிலையிலிருந்தவர் வருமான வரிக்கு அப்பாற்பட்டவராயிருந்தும், தம் சம்பளச் சீட்டின் மற்றைக் கழிவுகளை ஏற்றே வந்தார்.

வீதி வரியிலிருந்து பெற்ற விலக்கும், வருமான வரியின் எல்லைக்குக் கீழ் நிற்பதும் ஒருவரைத் தம் கூலிக்கு உடைமையாளராக்கிவிடவில்லை என்பதே இவ்வரலாற்றினாற் பெறப்படுகிறது. அவரை அந்நிலைக்கு உயர்த்தியவை மூன்று: கூலி தனியாள் பேரிற் கணக்கிடப்பட்டமை, நேரடியாகக் கைக்குக் கொடுக்கப்பட்டமை, கழிவுக்கு அவர் சம்மதம் வேண்டப்பட்டமை. முதலிரண்டும் பெரும்பாலும் நிறைவேறின. மூன்றாவது நிறைவேற வேண்டுமாயின், சம்பளச் சீட்டு தொழிலாளிக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். அதனைப் படிக்கவும், இன்ன கழிவு வேண்டாம் என்று கூறவும் அவருக்கு இயல வேண்டும். துண்டை ஒழிக்க ஒரு சட்டம் போதுமாயிருந்தது. சீட்டை வாசிக்கும் ஆற்றலைத் தருவதற்குக் கல்வி வேண்டும். மலையகத்திலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு வந்து சேரும் இளந்தலைமுறையினர் தம் தாய்தந்தையரின் சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்து வரிவரியாக வாசித்துக் காட்டுவார்களாயின், 1941ஆம் ஆண்டுச் சட்டம் கூறிய சம்மதம் அன்றுதான் மெய்யாகும்.