வீட்டுக்குள் வந்த சேமிப்புப் பெட்டி

இன்று கடையில் கிடைக்கும் நாஸ் பெட்டிகளில், அதாவது நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டிகளில், பெரும்பாலானவற்றுக்குள் சாம்பா என்ற மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். அது பிறந்த இடம் ஆஸ்திரேலியாவின் கான்பெரா. 1991 கடைசியில் அங்கே ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெலுக்கு, யூனிக்ஸ் கணினியில் உள்ள ஃபைல்களைத் தன் பி.சி.யிலிருந்தே திறக்க வேண்டும் என்று ஆசை. அந்த வேலையைச் செய்த டெக் கம்பெனியின் சர்வர் எந்த முறையில் பேசுகிறது என்ற விவரம் கையில் இல்லை. கேபிளில் போகும் வரும் தகவல்களைக் கவனித்து, அதே மாதிரி பதில் சொல்லும் ஒரு சர்வரைத் தானே எழுதி, இலவசமாக வெளியிட்டார். அதற்கு முன்பே, 1988-ல், பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றிய கட்டுரையை வெளியிட்டிருந்தார்கள். மலிவான டிஸ்குகள் சிலவற்றைச் சேர்த்துப் போட்டால், ஒன்று செத்தாலும் தகவல் பிழைக்கும் என்பது அதன் சாரம்.

சாம்பா, ரெய்டு என்ற இந்த இரண்டின் மேல்தான் என் தொழிலே நிற்கிறது. கோவையில் ஸ்டூடியோக்களுக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பவன் நான். அவை பிறந்த நாளில் கேபிளின் மறுமுனையில் இருந்தவர் பக்கத்து அறைக்காரர். டிஸ்க் கெட்டுப்போகும் என்று பயந்தார்களே தவிர, ஊர் பேர் தெரியாதவன் உள்ளே வருவான் என்று யாரும் நினைக்கவில்லை.

2004-ல் லிங்க்சிஸ் கம்பெனியின் என்.எஸ்.எல்.யூ.2 வந்தது. கையடக்கமான பெட்டி, உள்ளே டிஸ்க் கிடையாது, வெளி டிஸ்க் மாட்ட இரண்டு யு.எஸ்.பி. துளைகள், 32 எம்.பி. ராம், அவ்வளவுதான். லினக்ஸில் ஓடியதால் அதன் சோர்ஸ் கோடை வெளியிட்டார்கள். ஆர்வலர்கள் சொந்தமாக ஃபர்ம்வேர் எழுதிப் போட்டுக்கொண்டார்கள். 2005-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஒலிவியே கோஷார்-லாபே ஃப்ரீநாஸ் என்ற மென்பொருளைத் தொடங்கினார்; மூலையில் கிடந்த பழைய பி.சி. சேமிப்புப் பெட்டியாக மாறியது. கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோ ஒன்றுக்கு ஒரு பென்டியம் 4-ஐ அப்படித்தான் மாற்றிக் கொடுத்தேன். 2007-ல் மைக்ரோசாஃப்ட் ‘விண்டோஸ் ஹோம் சர்வர்’ கொண்டுவந்தது. வீட்டில் எதற்கு சர்வர் என்பதை விளக்க, குழந்தைகள் கதைப் புத்தகம் போல ஒரு விளம்பரப் புத்தகமே போட்டார்கள்.

அதுவரை இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் ரூட்டருக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன. ஸ்மார்ட்போன் வந்த பிறகு, வெளியூரிலிருந்தும் போட்டோ பார்க்க வேண்டும் என்றார்கள் வாடிக்கையாளர்கள். கம்பெனிகளும் அதற்கு வழி செய்தன. யு.பி.என்.பி. என்று ஒரு ஏற்பாடு உண்டு. பெட்டி கேட்டால், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரூட்டர், இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசலான போர்ட்டைத் திறந்துவிடும். 2013 ஜூனில் அமெரிக்க அரசின் இணையக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடன் ஆவணங்கள் வெளியானதும், கிளவுடை நம்பாமல் சொந்தப் பெட்டிக்கு மாறியவர்கள் உண்டு. அந்தரங்கத்துக்காக வாங்கிய பெட்டியையே இணையத்துக்குத் திறந்து வைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

2014 ஆகஸ்டில் சினோலாக்கர் என்ற ரேன்சம்வேர், சினாலஜி கம்பெனியின் பெட்டிகளில் இருந்தவற்றைப் பூட்டிவிட்டு, திறக்க 0.6 பிட்காயின் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2013 டிசம்பரிலேயே வந்திருந்தது; போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2021 ஏப்ரலில் க்யூநாப் கம்பெனியின் பெட்டிகளைக் க்யூலாக்கர் என்ற இன்னொரு ரேன்சம்வேர் பிடித்தது. அதே ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ வைத்திருந்த பலர், ஃபோல்டர்கள் காலியாகக் கிடப்பதைக் கண்டார்கள். கம்பெனி அதற்குக் கடைசி அப்டேட் கொடுத்தது 2015-ல். கோடைப் பிரித்துப் பார்த்தால், எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட்டுக்கு முன்னால் பாஸ்வேர்டு கேட்கும் வரிகள் இருந்தன. ஆனால் வேலை செய்யாதபடி யாரோ கமென்ட் ஆக்கி வைத்திருந்தார்கள். இங்கே ரெய்டு இருந்தாலும் உதவாது. அழிக்கச் சொன்னால் எல்லா டிஸ்கிலும் சேர்த்தே அழித்துவிடும்.

சாய்பாபா காலனியில் ஒரு பெரியவர் வீடு. “பொட்டி நம்ம பீரோ மேலதானே இருக்குது, வெளியாள் எப்படி வருவான்?” என்றார். பெட்டியின் லாக் பக்கத்தைத் திறந்து காட்டினேன். சில நொடிக்கு ஒரு வரி: அட்மின், ரூட், கெஸ்ட், மரியா, ஜான் என்று ஒவ்வொரு பெயராகப் போட்டு எவனோ நுழையப் பார்த்திருக்கிறான். எல்லாமே தோல்வி. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். “இந்த மரியா யாருங்க தம்பி?” என்றார். போர்ட்டை அன்றே மூடினோம்.

அதனால் பெட்டி எடுக்கும்போது டெராபைட் கணக்கைக் கடைசியில்தான் பார்ப்பேன். எத்தனை வருஷம் அப்டேட் தருவார்கள், கம்பெனியில் அக்கவுன்ட் திறக்காமலேயே வேலை செய்யுமா, டிஸ்கை என்க்ரிப்ட் செய்யலாமா என்பதுதான் முதல் விசாரணை. என்க்ரிப்ஷன் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்குச் சாவியும் சேர்ந்து போகும். நம் ஊரில் பல இணைப்புகளில் ஒரே பொது ஐ.பி. முகவரியைப் பல வீடுகள் பகிர்வதால், போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து எட்டாது. உடனே கம்பெனியின் ரிலே வசதியை ஆன் செய்துவிடுவார்கள். அப்போது நம் வீட்டுப் போக்குவரத்து அவர்கள் சர்வர் வழியாகப் போகும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

வெளியிலிருந்து யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் ஒரு மகளோ மகனோதான். அவர் ஒருத்தருக்காக ஊருக்கே போர்ட்டைத் திறந்து வைப்பானேன்? வீட்டிலும் அவர் போனிலும் வயர்கார்டு வி.பி.என். போட்டு, வீட்டுக்குத் தனிப் பொது முகவரி தரும் இணைப்பை வாங்கிக்கொண்டால் போதும்.