பெங்களூருவின் வசந்த விழாக்கள்

பிள்ளை வீடு, பெண் வீடு என்று பெங்களூருவுக்கு வந்து போகாத அங்கத்தினர் நம்மில் குறைவு. வருபவர்கள் லால்பாக், விதான சௌதா பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். எப்போது வந்தால் இந்த ஊரை உள்ளபடி பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஸ்ரீராமநவமிக்கு வாருங்கள், பௌர்ணமி வரை இருங்கள். ஏன் என்பதைச் சொல்ல, கொஞ்சம் சொந்தக் கதையும் சொல்ல வேண்டும்.

1980களில் உத்தியோக மாற்றலில் குடும்பத்துடன் இங்கு வந்தேன். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும் நகரில் கலவரம் மூண்டது. தமிழர் வசித்த பல பகுதிகள் பாதிக்கப்பட்டன. எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்தேன். "வெளியில் தமிழில் பேசாதீர்கள்" என்று குழந்தைகளிடம் சொன்னேன். அப்படிச் சொல்ல நேர்ந்த வெட்கம் இன்னும் மனதில் இருக்கிறது. நாம் இந்த ஊர்க்காரர்களா, வந்தேறிகளா என்ற கேள்வியும் அப்போதுதான் எழுந்தது.

அடுத்த ஆண்டு ராமநவமி வந்தது. சாமராஜப்பேட்டையில் எஸ்.வி. நாராயணஸ்வாமி ராவ் 1939-ல் தொடங்கிய ஸ்ரீராமசேவா மண்டலி நடத்தும் சங்கீத உற்சவம், கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானப் பந்தலில் நடப்பது வழக்கம். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஒரு மாதத்துக்கும் மேல் கச்சேரி. செம்பை, அரியக்குடி, எம்.எஸ். என்று நம் பெரியவர்கள் பலரும் பாடிய மேடை அது. தயங்கித் தயங்கித்தான் போனேன். பந்தலில் கன்னடக்காரர்களும் தமிழர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் தெலுங்குக் கீர்த்தனை. அதைத் தொடர்ந்து புரந்தரதாசர் பதம். முடிவில் ஒரு தமிழ்ப் பாட்டு. யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. பானகமும் கோசம்பரியும் (நம் வடைப்பருப்புதான்) எல்லோருக்கும் கிடைத்தன.

அதற்கு ஆறாம் நாள் பௌர்ணமி. அடுத்த வீட்டுக் கன்னடப் பெரியவர் வந்து, "ராத்திரி கரகம் பார்க்க வாருங்கள், ஸ்வாமி" என்று அழைத்துப் போனார். திகளர்பேட்டை தர்மராயஸ்வாமி கோயில் வாசலில் நள்ளிரவு தாண்டியும் நிற்க இடமில்லை. திரௌபதியின் அம்சமாகக் கருதப்படும் பூசாரி, புடவையும் வளையலும் அணிந்து, மல்லிகையால் மூடிய கரகத்தைச் சிரசில் தாங்கி வெளியே வந்தார். கையால் அதைப் பிடிப்பதில்லை. சுற்றிலும் உருவிய வாளுடன் வீரகுமாரர்கள். "கோவிந்தா, கோவிந்தா" என்ற கோஷம் தெருவையே அதிர வைத்தது.

இந்த விழாவை நடத்துபவர்கள் திகளர்கள்; வஹ்னிகுல க்ஷத்ரியர் என்றும் சொல்வர். பரம்பரையாகத் தோட்டக்கலையில் வல்லவர்கள். "திகளரு என்றால் என்ன அர்த்தம் தெரியுமா?" என்று பெரியவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "பழைய கன்னடத்தில் தமிழர் என்றுதான் அர்த்தம்" என்றார். திகைத்துப் போனேன். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து, இந்த மண்ணோடு கலந்துவிட்டவர்கள் அவர்கள். நம் வட ஆற்காடு, தென் ஆற்காடு கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயிலைத் தர்மராஜா கோயில் என்று சொல்வதும், அங்கே பாரதம் படித்துத் தீமிதி நடத்துவதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அந்த வழிபாடுதான் இங்கே இந்த மாநகரத்தின் முதல் திருவிழாவாகி நிற்கிறது. ஊர்வலம் காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் சென்று மரியாதை பெற்றுத்தான் திரும்புகிறது.

கரகத்துக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. பழைய பேட்டைக்கும் கண்டோன்மெண்டுக்கும் இடையே ஸம்பங்கி ஏரி என்று ஒரு பெரிய ஏரி இருந்தது. கரகச் சடங்குகள் அதன் கரையில் நடந்தன. ஊர் வளர வளர ஏரி தூர்ந்தது. இன்று அந்த இடத்தில் கண்டீரவா ஸ்டேடியம். சடங்குக்கு வேண்டும் என்பதால் மட்டும் ஒரு சிறு குளம் மிஞ்சியது. விழா இல்லாவிட்டால் அந்தக் குளமும் இல்லை. அங்கே ஏரி இருந்தது என்ற ஞாபகமும் இல்லை. பழைய விழாக்களை ஏன் விடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 2020-ல் கொரோனா காரணமாக ஊர்வலம் தெருவுக்கு வராதபோதும், கோயிலுக்குள் கரகத்தை நடத்தி முறையை விடாமல் காத்தார்கள்.

வசந்தத்தில் வர முடியாதவர்களுக்கும் குறையில்லை. மகர சங்கராந்தியன்று மாலை, கவி கங்காதரேஸ்வரர் குகைக் கோயிலில் நந்தியின் கொம்புகளுக்கிடையே சூரிய ஒளி புகுந்து லிங்கத்தின்மேல் விழும். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி லால்பாக் கண்ணாடி மாளிகையில் மலர்க் கண்காட்சி. கார்த்திகை மாதக் கடைசி சோமவாரம் பசவனகுடியில் கடலேகாய் பரிஷே. புது வேர்க்கடலையைப் பெரிய பசவனுக்கு நிவேதனம் செய்து, தெரு நெடுகக் குவித்து விற்பார்கள். அந்தக் கடலையே தென் அமெரிக்காவில் பிறந்து கடல் கடந்து வந்த பயிர்தான். இன்று அதை அந்நியம் என்று யார் சொல்வார்கள்?

அன்று விடியற்காலை வீடு திரும்பியதும் உள்ளே வைத்திருந்த பெயர்ப்பலகையை எடுத்துத் துடைத்தேன். ஆணி பழையதுதான், அதிலேயே மாட்டினேன். பெரியவர் தம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார்.

அடுத்த ராமநவமிக்கு அங்கத்தினர்கள் அவசியம் வாருங்கள். கச்சேரிக்கு முன்னதாகவே வந்தால் முன் வரிசையில் இடம் கிடைக்கும். கரகத்துக்கு வருகிறவர்கள் மத்தியானமே ஒரு தூக்கம் போட்டுவிட்டு வரவும்.