கவர்னரின் கதை – 4: வெறிபிடித்த எந்திரம்

1788. பர்மிங்காமை ஒட்டிய சோஹோ தொழிற்சாலை. ஒரே நீராவி எஞ்சின். அதன் இழுப்பில் 43 மெருகு எந்திரங்கள். பலர் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தினால் எஞ்சினின் சுமை சட்டென்று குறையும், வேகம் எகிறும். எல்லோரும் திரும்பக் கைவைத்தால் வேகம் படுத்துவிடும். வேகம் தடுமாறினால் மெருகும் தடுமாறும். இதை எப்படி அடக்குவது என்ற கேள்வியோடுதான் சென்ற வாரம் ஜேம்ஸ் வாட்டை விட்டு வந்தோம்.

விடை லண்டனிலிருந்து வந்தது. அந்த ஆண்டு மே மாதம் வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன், ஆல்பியன் மாவு ஆலையில் ஒரு கருவியைப் பார்த்தார். அரைக்கும் கற்களின் இடைவெளியை, சுழலும் குண்டுகள் தாமாகவே சரிசெய்துகொண்டிருந்தன. உடனே வாட்டுக்கு எழுதினார். கல்லை நகர்த்தும் குண்டு, நீராவி வால்வை நகர்த்தாதா?

நகர்த்தியது. வேகத்தைத் தானாகவே அடக்கும் அந்தக் கருவிக்குத்தான் கவர்னர் என்று பெயர். அதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். நிமிர்ந்த ஒரு தண்டு. எஞ்சின் சுழலச் சுழல அதுவும் சுழலும். அதிலிருந்து தொங்கும் இரு கைகளில் இரண்டு குண்டுகள். வேகம் கூடினால் குண்டுகள் விலகி மேலேறும். அந்த ஏற்றத்தில் நெம்புகோல் அசைந்து வால்வை மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் இறங்கும், வால்வு திறக்கும். பக்கத்தில் ஆளே வேண்டாம்! அந்த எஞ்சினை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

ஆனால் ஒரு குறை. சுமை கூடும்போது வால்வு அதிகம் திறந்தே இருக்க வேண்டும். அதற்குக் குண்டுகள் தாழ்ந்திருக்க வேண்டும். குண்டுகள் தாழ்ந்திருக்க, எஞ்சின் சற்று மெதுவாகத்தான் ஓடியாக வேண்டும். ஆக, பழைய வேகம் முழுசாகத் திரும்பவே திரும்பாது.

வீட்டிலேயே சிஎன்சி எந்திரம் செய்பவர்கள் இந்தக் குறையை நன்றாக அறிவார்கள். நிரலில் 12,000 சுற்று என்று கொடுத்திருப்பார்கள். கட்டர் மரத்தில் இறங்கியதும் ஸ்பிண்டில் தளர்ந்துவிடும். சென்சார் வைத்து, வேகம் குறைகிற அளவுக்கேற்ப மின்சாரத்தைக் கூட்டினால் கொஞ்சம் மீளும், முழுக்க மீளாது. திருத்தத்தை இன்னும் காரமாக்கலாமே என்று தோன்றும். ஓர் அளவுக்கு மேல் காரமாக்கினால் ஸ்பிண்டில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊளையிடும். வயரைச் சோதிப்பார்கள், போர்டை மாற்றுவார்கள், ஊளை நிற்காது.

இந்த நோயை 1840-இல் கட்டுரையாகவே எழுதியவர் ஜார்ஜ் பிடெல் ஏரி, இங்கிலாந்தின் அரசு வானியலாளர். விண்மீனைப் பின்தொடர, தொலைநோக்கி 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் சீராகத் திரும்ப வேண்டும். அதை ஓட்டும் கடிகாரப் பொறியில் குண்டுக் கவர்னர் பூட்டப்பட்டிருந்தது. இங்கே சோஹோவைப்போல் தொழிலாளர் கூட்டம் இல்லை, திடீர்ச் சுமை இல்லை. இருந்தும் குண்டுகள் ஒரு நிலையில் நிற்க மறுத்தன. எந்திரத்துக்கு வெறிபிடித்துவிட்டது என்னும் பொருளில் ஏரியே எழுதிவைத்திருக்கிறார்.

பற்சக்கரத்தைக் குறைசொல்லி அவர் ஒதுங்கவில்லை. வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கையிலெடுத்தார். கணக்கில் அகப்பட்ட குற்றவாளி வேறு யாருமல்ல, வேகத்தைச் சீராக்கப் பூட்டிய அதே கவர்னர்!

திருத்த வந்த கருவி எந்த எல்லையைத் தாண்டும்போது கெடுக்கத் தொடங்குகிறது? 1868-இல் அந்த எல்லைக்குக் கோடு கிழிக்கக் கிளம்பினார், மின்காந்தத்துக்கே சமன்பாடு எழுதிய ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்.

(தொடரும்)